எம் புருசன் பேர எடுத்துட்டுப் போக அது யாரு?

ஏன்டி, ஒனக்கு வேற வேலயே இல்லையா? லீவுக்கு அப்பாயி வீட்டுக்கு வந்தோமா, ரொட்டியத் தின்னோமா, கம்பளியப் போத்திக்கிட்டு படுத்தோமான்னு இல்லாம, போனத் தூக்கி எம் மூஞ்சிக்கு நேரா நீட்டிக்கிட்டு, "அந்த டெஸ்டுல என்னதான் நடந்துச்சு, சொல்லுங்க அப்பாயி"ன்னா என்னடி அர்த்தம்? எம் மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு ஒங்கப்பனுக்குத் தெரியணும், டொக்டருக்குத் தெரியணும், இப்ப ஒனக்கும் தெரியணும். எம் மண்ட என்ன திருவிழாக் கடையா, ஆளாளுக்கு எட்டிப் பாக்க?

சரி, சொல்றேன். மூஞ்சியத் தூக்காத. ஆனா எழுதுறதா இருந்தா நான் சொல்ற மாதிரியே எழுது. ஒங்க டீச்சர் சொல்லிக்குடுத்த தமிழ்ல திருத்தி வச்சேன்னு தெரிஞ்சுது, அடுத்த லீவுக்குப் பாலில்லாத வெறும் சாயத்தண்ணிதான். யாரு பேரும் போடாத. எம் பேரும் வேணாம், ஒங்கப்பன் பேரும் வேணாம், ஒங்க தாத்தா பேரும் வேணாம். அந்தப் பேர சொல்லணும்னா நான் என் வாயால சொல்லிக்கிறேன். ஏன்னு கேக்காத, கேட்டுக்கிட்டே வா.

பெரட்டுலதான் ஆரம்பிச்சுது. தேயிலத் தோட்டத்துல காலைல எல்லாரையும் நிக்க வச்சு, நீ அந்த மலைக்குப் போ, நீ இந்த மலைக்குப் போன்னு வேல பிரிச்சுக் குடுப்பாங்கல்ல, அந்தப் பெரட்டு. அன்னைக்கு பெக்டரியில சங்கு ஊதுச்சு. எந்திரிச்சேன். செடி கிழிக்காம இடுப்புல படங்குச் சாக்கக் கட்டுனேன். கூடையத் தலையில மாட்டுனேன். பனியில கொஞ்சம் வேகமாவே நடந்து போயி பொண்டுகளோட வரிசையில நின்னுட்டேன். வேல பிரிக்கிற கண்டாக்கு ஐயா ஒவ்வொருத்தியா பாத்துக்கிட்டு வந்தவரு என்கிட்ட வந்ததும் அப்படியே நின்னுட்டாரு.

"என்னம்மா, வேலைய விட்டு எத்தன வருசமாச்சு, மறுபடியும் பேர் போடணுமா?"

அப்பதான்டி எனக்கு ஒறைச்சுது. நான் வேலைய விட்டு நின்னுட்டேன். எங்கூட வேல செஞ்சவளுகளோட மருமகளுகதான் சுத்தி நிக்கிறாளுக. ஆனா விடுவேனா?

"இல்லைங்கய்யா, நான் போனப்பொறம் இவளுக கொழுந்து எடுக்குறாளுகளா, இல்ல கத பேசிக்கிட்டு நிக்கிறாளுகளான்னு பாக்க வந்தேன்"ன்னேன்.

பெரட்டே சிரிச்சுது. ஐயாவும் சிரிச்சாரு. எல்லாரையும் விட நாந்தான் சத்தமா சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே கூடையோட வீட்டுக்குத் திரும்பிட்டேன். நான் வெளாட்டுக்குப் போகலன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்.

எனக்கு மட்டும்னு நெனச்சேன். எங்க லயத்து வரிசையில அடுத்த வீட்டுக் காம்பராவுல இருக்காளே என் மதினி, அவ கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது. அன்னைக்கே ஒங்கப்பனுக்குப் போனப் போட்டு சொல்லிட்டா. "ஏன்டி சொன்ன?"ன்னு சண்டைக்குப் போனேன். "நீ சிரிச்ச மதினி, ஆனா கூடைய மாட்டிக்கிட்டு சிரிச்ச. வெளாட வாரவ எதுக்குக் கூடைய சொமந்துக்கிட்டு வாரா?"ன்னா. இவள எல்லாம் பொலிசுல சேத்திருக்கணும்.

எனக்கு ஏன் பயம்னு ஒனக்குத் தெரியணும்ல. மேல் லயத்துல ஒருத்தி இருந்தா. என் வயசுதான். எங்கூட ஒரே மலையில கொழுந்து எடுத்தவ. அவளுக்கு மறதி வந்துச்சு. மொதல்ல அடுப்ப மறந்தா, அப்புறம் வழிய மறந்தா. வீட்டு ஆளுக என்ன சொன்னாங்க தெரியுமா? கெரகம் சரியில்லன்னாங்க. பேய்க் கோளாறுன்னாங்க. தாயத்துக் கட்டுனாங்க, கோடங்கி கூப்பிட்டாங்க. யாராவது பாக்க வந்தா பின்னாடி ரூமுல தள்ளிக் கதவச் சாத்திருவாங்க. கடைசியில மக வந்து கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. மகளக் குத்தம் சொல்ல மாட்டேன், அவளும் வேலைக்குப் போயித்தான் சாப்பிடணும். காலைல பூட்டிட்டுப் போவா, பொழுது சாஞ்சதும் வந்து தொறப்பா. அம்மாக்காரி உள்ள இருந்து கதவத் தட்டிக்கிட்டே இருப்பாளாம். அந்தக் கதையக் கேட்டதுலேருந்து எனக்குப் பூட்டக் கண்டாலே ஆகாது.

அதுனால ஒங்கப்பன் பையத் தூக்கிக்கிட்டு கொழும்புலேருந்து வந்து எறங்குனதும் நான் சொன்ன மொத வார்த்த, "வா தம்பி, சாப்பிடு. ஒங்கூட வர மாட்டேன்."

அவன் கில்லாடி. கொழும்புக்குன்னு சொல்லல. "ஹட்டன் வரைக்கும் போயிட்டு வருவோம்மா, டவுன்ல ஒரு டெஸ்ட் நடக்குது"ன்னான். பெரிய பள்ளிக்கூடத்து ஆளுக, யுனிவர்சிட்டின்னு சொல்லுவியே, அங்கருந்து வந்திருக்காங்களாம். மறதி வியாதி முத்தி வெளிய தெரியிறதுக்கு முன்னாடியே அதக் கண்டுபிடிக்க முடியுமான்னு ஆராய்ச்சி பண்றாங்களாம். டவுனு ஆளுகளையே பாத்துக்கிட்டிருந்தா பத்தாது, தோட்டத்து ஆளுகளையும் பாக்கணும்னு வந்திருக்காங்களாம். "நல்லா இருக்குற ஆளுகதான் போகணும்மா"ன்னு வேற சொன்னான். ஹட்டன்ல நல்ல வடையும் கெடைக்கும்னு நானும் பஸ் ஏறிட்டேன்.

எங்க வச்சு நடத்துனாங்க தெரியுமா? கல்யாண மண்டபத்துல! மாடிக்கு ஏறிப் போனா, போன வாரத்துக் கல்யாணத்துல கட்டுன தோரணம் இன்னும் தொங்குது. பொண்ணு மாப்பிள்ள ஒக்கார்ற மேடையிலதான் மேச போட்டிருக்கு. அங்க ஒரு டொக்டரம்மா. யாழ்ப்பாணத்துப் புள்ள. சின்னப் புள்ளதான், ஒங்க அக்கா வயசு இருக்கும். "வாங்கோ அம்மா, இருங்கோ"ன்னு கையப் புடிச்சு மேடையில ஒக்கார வச்சா. "இந்த வயசுல மறுபடியும் மேடை ஏத்திட்டீங்க, மாப்பிள்ளையாவது நல்லா இருக்கானா?"ன்னு கேட்டேன். பொத்துக்கிட்டு சிரிச்சிருச்சு.

முள்ளு, நம்பர் எல்லாம் வச்சு ஒரு மணிக்கூடு வரையச் சொன்னா. நான் பென்சில் புடிச்சது ரெண்டாம் வகுப்போட சரின்னேன். "அப்ப விடுவம்"னு சொல்லிட்டு, படிக்காத ஆளுகளுக்குன்னு வேற டெஸ்ட் எடுத்தா. நல்ல புள்ள. மூணு வார்த்த சொல்லி ஞாபகம் வச்சுக்கச் சொன்னா. கொட, வாழப்பழம், அப்புறம் இன்னொண்ணு. கொஞ்ச நேரம் வேற என்னென்னவோ பேசிட்டுத் திருப்பிக் கேட்டா.

"கொட. வாழப்பழம். மூணாவத நீங்களே வச்சுக்கங்க டொக்டரம்மா, எல்லாத்தையும் நானே எடுத்தா நல்லாருக்காது."

இன்னைக்கு என்ன கெழமன்னா. "ஒங்களுக்குத் தெரியாமயா எங்க ஊருக்கு வந்தீங்க?"ன்னேன். சின்னச் சின்ன போத்தலத் தொறந்து மூக்குக்கிட்ட புடிச்சு, என்ன வாசம்னு கேட்டா. வாசம் தெரியாமப் போறதும் ஒரு அடையாளமாம். ரெண்டு மூணுக்கு பட்டுன்னு சொல்லிட்டேன். ஒண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, தண்ணி மாதிரி இருக்கு. "இந்த மூக்கு மூக்குத்திக்கு வச்சிருக்கேன் டொக்டரம்மா, மோந்து பாக்க இல்ல"ன்னேன். பக்கத்துல நின்ன ஒங்கப்பன் வாயப் பொத்திக்கிட்டு சிரிக்கிறான். எனக்கு மேடையில ஒக்காந்து கச்சேரி பண்ற மாதிரி இருந்துச்சு.

அப்புறம் கேட்டா, "உங்கட அவரின்ர பேர் என்னம்மா?"

இப்ப ஒன்ன மாதிரி புள்ளைக புருசன பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க, வாடா போடாங்கிறீங்க. எங்க காலத்துல வாயத் தொறக்கக் கூடாது. பேர சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்பாங்க. தோட்டத்து ஆபீசுல கேட்டாக்கூட, வரிசையில பின்னாடி நிக்கிறவ சொல்லுவா, நான் தலைய ஆட்டுவேன். மனுசன் போய்ச் சேந்துட்டாரு, இனி என்னத்த கொறையப் போகுது? ஆனாலும் வாய் வராது. வாய்தான் வராது. மனசுக்குள்ள சொல்லாத நாளே இல்ல. வெளக்கேத்துறப்போ சொல்லுவேன். கூர ஒழுகுறப்போ முழுப்பேரையும் சொல்லித் திட்டுவேன், இருக்கும்போதே தகரத்த மாத்திட்டுப் போயிருக்கக் கூடாதான்னு.

அன்னைக்கு டொக்டரம்மா கேட்டதும் தலையக் குனிஞ்சு சிரிச்சேன். மேடையும் தோதா இருந்துச்சா, கல்யாணப் பொண்ணு மாதிரியே இருந்திருக்கும். ஒங்கப்பன் முந்திக்கிட்டான். "அம்மா சொல்ல மாட்டாங்க டொக்டர். எங்க ஆளுக பழக்கம்."

"தெரியும் தெரியும், என்ர அம்மம்மாவும் அப்பிடித்தான்"னுது அந்தப் புள்ள. "சரி, அந்தக் கேள்வியக் கழிச்சுப்போட்டு பாப்பம்."

எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் குனிஞ்ச தலைய நிமித்தல. ஏன் தெரியுமா? நான் உள்ளுக்குள்ள தேடிக்கிட்டிருந்தேன்டி. அவரு மூஞ்சி வருது. பீடி குடிச்சு இருமுற சத்தம் வருது. தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுறப்போ கத்தி பட்ட வெரலு வருது, வெட்டுப்பட்ட அன்னைக்கு அவரு போட்ட கூச்சல் வருது. பேரு வரல. அடுப்பு மேட்டுல எப்பவும் வச்ச எடத்துல கைய விட்டா நெருப்புப் பெட்டி இல்லாம இருக்குமே, அப்படி. கை மட்டும் தடவிக்கிட்டே இருக்கு.

கீழ எறங்கி சாப்பாட்டுக் கடையில ஒக்காந்தோம். ஒங்கப்பனுக்கு வாயெல்லாம் பல்லு. "பாத்தீங்களாம்மா? டொக்டரே சிரிச்சிருச்சு. ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த வீட்டு அத்த சும்மா பயம் காட்டிட்டாங்க"ன்னு வடைய என் பக்கம் தள்ளுறான். நான் வடையப் பாத்துக்கிட்டே இருக்கேன். இன்னும் வரல.

நெனச்சுப் பாரு. நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தா போதும். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. நான் சாகுற வரைக்கும் அந்தப் பேர யாரும் என்கிட்ட கேக்க மாட்டாங்க, கேட்டாலும் வெக்கம்னு விட்டுருவாங்க. எங்க ஆத்தா காலத்துப் பழக்கம் எனக்கு வேலி கட்டி வச்ச மாதிரி நிக்குது. சொன்னேன்னா ஒங்கப்பன் கொழும்புக்கு மூட்டையக் கட்டிருவான். அப்புறம் நான், கதவு, பூட்டு.

சும்மா இருந்துரலாம்னுதான் வடையக் கையில எடுத்தேன். அப்பதான் எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம். ஒங்கப்பன் மேல இல்ல, டொக்டர் மேல இல்ல. அந்த வியாதி மேல. எனக்கும் அவருக்கும் எத்தனையோ சண்ட, எத்தனையோ பட்டினி. அடிச்சிருக்காரு, நானும் வெறகுக்கட்டையத் தூக்கியிருக்கேன். அந்த மனுசன் போனப்பொறம் என்கிட்ட மிச்சம் இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான். சாவு வந்து ஆள எடுத்துச்சு, சரி, அது எல்லாரையும் எடுக்கும். எம் புருசன் பேர என்னக் கேக்காம எடுத்துட்டுப் போக இது யாரு? அதுவும், நான் வெக்கப்படுற மாதிரி நடிச்சு அதுக்குக் கதவத் தொறந்து விடணுமா?

வடையப் போட்டுட்டு எந்திரிச்சேன். "எங்கம்மா போறீங்க?"ன்னான். "மேடைக்கு"ன்னேன். பின்னாடியே வந்தான். "நீ வெளிய நில்லு"ன்னு சொல்லிட்டு ஏறுனேன். பாதிப் படியில மூச்சு வாங்கக் கைப்புடியப் புடிச்சுக்கிட்டு நின்னேனா, எங்கருந்துதான் வந்துச்சோ, பொத்துன்னு வந்து விழுந்துச்சு பேரு. ஒரு நிமிசம் படியிலயே ஒக்காந்து அழுதேன். இத எழுது, பரவால்ல.

டொக்டரம்மா மேசைக்கு முன்னாடி போயி நின்னு, வாயத் தொறந்து, சத்தமா சொன்னேன்டி. அவங்கப்பா பேரோட சேத்து முழுப்பேரையும். கழுத்துல தாலி ஏறுன நாள்லேருந்து என் வாயில வராத பேரு. மண்டபத்துல தோரணம் கழட்டிக்கிட்டிருந்த ஆளெல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

"இது இப்பதான் டொக்டரம்மா படியில கெடைச்சுது. நீங்க கேட்டப்போ எங்கிட்ட இல்ல. நான் வெக்கத்துல சொல்லாம விடல, இல்லாமதான் சொல்லல. கழிக்காதீங்க. தப்புன்னே போடுங்க."

அந்தப் புள்ள சிரிக்கல. எந்திரிச்சு வந்து என் பக்கத்துல ஒக்காந்துச்சு.

"அம்மா, நானும் உங்களோட கொஞ்சம் கதைக்கத்தான் இருந்தனான். தெரிஞ்ச கேள்விக்கெல்லாம் நேரா மறுமொழி சொன்னீங்கள். தெரியாதது வரேக்க மட்டும் பகிடி விட்டீங்கள். நல்ல பகிடி, நானே சிரிச்சுப்போட்டன். பிறகுதான் யோசிச்சன்."

இத்தன வருசத்துல எங்க லயத்துல மதினியத் தவிர ஒருத்தியும் கண்டுபிடிக்காதத அரை நாள்ல கண்டுபிடிச்சிருச்சு. "ஒங்கம்மா ஒங்கள சும்மா பெறல"ன்னேன். "இதுவும் பகிடிதானே?"ன்னு கேட்டுச்சு. இல்லன்னேன்.

அப்புறம் ரத்தம் எடுத்தாங்க. ரத்தத்துலயும் இந்த வியாதிக்கு ஒரு அடையாளம் இருக்கான்னு பாக்குறாங்களாம். இன்னொரு நாள் கண்டிக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு குழாக்குள்ள படுக்கப் போட்டாங்க. உள்ள டொக்கு டொக்குன்னு சத்தம், பெக்டரி ரோலருக்குள்ள கொழுந்தோட கொழுந்தா நம்மளையும் போட்ட மாதிரி. ஆடாம அசையாம இருக்கணுமாம். நான் உள்ள படுத்துக்கிட்டு ஒங்க தாத்தா பேர சொல்லிக்கிட்டே இருந்தேன். வெளிய இருந்து ஒரு புள்ள மைக்குல, வாய அசைக்காதீங்க அம்மான்னு சிங்களத்துல சொல்லுது. மனசுக்குள்ள மாத்திக்கிட்டேன்.

முடிவு சொல்ற அன்னைக்கு மறுபடியும் ஹட்டன். ஒங்கப்பன் எனக்கு முன்னாடி நைசா டொக்டரம்மாகிட்ட போயிட்டான். என் காதுக்கு ஒரு கேடும் இல்ல, அதையும் எழுது. "டொக்டர், என்னவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. அம்மாவுக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டாங்க"ங்கிறான்.

"டேய், மண்ட யாரோடதுடா?"ன்னேன். "ஒன்னப் பெத்தப்போ தாங்கினவ, இதத் தாங்க மாட்டேனா? டொக்டரம்மா, தல என்னோடது. எங்கிட்ட சொல்லுங்க. இவனுக்குச் சொல்லணும்னா நான் சொல்லிக்கிறேன்."

அந்தப் புள்ள அவனப் பாக்காம என்னையே பாத்து சொன்னுச்சு. தொடக்கம்தானாம். அடிச்சுச் சொல்ல ஏலாதாம், ஆனா அடையாளம் எல்லாம் அந்தப் பக்கந்தான் காட்டுதாம். அல்சைமர்னு பேராம். "புருசன் பேரே நிக்கல, இது எங்க நிக்கப் போகுது, சின்னதா ஏதாவது வைங்க"ன்னேன். முழுசா மாத்துற மருந்து இல்லையாம். ஆனா முத்தறதுக்கு முன்னாடி தெரிஞ்சதுனால பண்ணிக்கக் கூடியது நெறைய இருக்காம். நடக்கணும், ஆளுகளோட பேசணும், பிரசரப் பாத்துக்கணும், தனியா மூலையில ஒக்காரக் கூடாது. "அதோட அம்மா, உங்கட விருப்பங்கள நீங்களே இப்ப சொல்லி வைக்கலாம். பிறகு ஆரும் உங்களுக்காக முடிவெடுக்கத் தேவையில்ல"ன்னுச்சு.

எனக்கு அந்த ஒரு பேச்சு போதும். மருந்து மாதிரி எறங்குச்சு. பஸ்ஸுல வாரப்போவே ஒங்கப்பன்கிட்ட ஆரம்பிச்சுட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்க உறிஞ்சிக்கிட்டு, "எங்கூட வந்துருங்கம்மா"ங்கிறான்.

"வர மாட்டேன். ஒன் வீட்டுல நான் பேச யாருடா இருக்கா? செவுத்தோடயா பேசுவேன்? டொக்டரு தனியா ஒக்காரக் கூடாதுன்னாங்க, நீ பூட்டிட்டுப் போவ."

"நான் பூட்ட மாட்டேன்மா."

"இன்னைக்கு பூட்ட மாட்ட. நான் ஒரு நாள் ரோட்டுல எறங்கிட்டா பூட்டுவ. ஒன்னக் குத்தம் சொல்லல. நான் ஒன் மூஞ்சியப் பாத்து யாருடா நீன்னு கேக்குற அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போ. அன்னைக்கு நான் சண்ட போட மாட்டேன், யாருன்னு தெரியாதவன்கிட்ட என்ன சண்ட? அதுவரைக்கும் என் அடுப்பு, என் காம்பரா, என் கதவு."

பஸ்ஸு லிந்துலை டவுனத் தாண்டுனப்பொறந்தான் ஒங்கப்பன் "சரி"ன்னான். சரின்னதும் என் கையப் புடிச்சுக்கிட்டான். எறங்குற வரைக்கும் விடவே இல்ல. பாவம், சின்னதுலேருந்தே பயந்தாங்கொள்ளி.

அன்னையிலேருந்து காலைல எந்திரிச்சதும் மொத வேல, வாசல் இஸ்தோப்புத் திண்ணையில நின்னு ஒங்க தாத்தா பேர சத்தமா ஒரு தடவ சொல்லிருவேன். இருக்கா, இருக்கு. அப்புறந்தான் அடுப்பு. லயத்து ஆளுகளுக்கு தூக்கி வாரிப் போட்டுருச்சு. செத்த புருசன பேர் சொல்லிக் கூப்பிடுறாளாம், காத்து கருப்பு அடிச்சிருச்சாம், கோடங்கியக் கூப்பிடணுமாம். காதுக்குக் காது பேசிக்கிட்டிருக்காளுக. மேல் லயத்துக்காரிக்குப் பேசுன மாதிரியே.

நான் விடல. ஒரு ஞாயித்துக்கெழம, எல்லாப் பொண்டுகளும் மலைத்தண்ணி கொட்டுற பீலியில தண்ணி புடிச்சு துணி தொவைக்கிற நேரம் பாத்துப் போனேன். ஒருத்தி, "பெரியம்மா, ஒங்களுக்கு என்னமோ செஞ்சிருச்சாமே"ன்னு இழுத்தா. மதினி அவ கைய கிள்ளுறா, பேசாதேன்னு.

"கிள்ளாத மதினி, நானே சொல்றேன்"ன்னேன். கொடத்தக் கீழ வச்சுட்டு, மேல் லயம் வரைக்கும் கேக்குற மாதிரி சொன்னேன்.

"நல்லாக் கேட்டுக்கங்கடி. எனக்கு பேயும் இல்ல, கெரகமும் இல்ல. மூளையில மறதி வியாதி ஆரம்பிச்சிருக்கு. டொக்டரு மிசின்ல பாத்துட்டாங்க. இனிமே யாரும் ரகசியம் பேசி வாய் நோக வேணாம். நான் பெரட்டுக்கு வந்து நின்னா, கையப் புடிச்சு வீட்டுல கொண்டாந்து விடுங்க. சிரிச்சுக்கிட்டே விடுங்க, அழுதுக்கிட்டு வராதீங்க. என்ன எவனாவது பூட்டி வச்சா, கதவ ஒடைங்க. ஒங்க மாமியாருக்கோ ஆத்தாளுக்கோ இப்படி இருக்குன்னா ஒளிச்சு வைக்காதீங்க, ஹட்டனுக்குக் கூட்டிட்டுப் போங்க, நானே வழி காட்டுறேன், வழி மறக்குறதுக்கு முன்னாடி. அப்புறம் ஒண்ணு. நான் ஒங்ககிட்ட ஒரு கதையச் சொல்லிட்டு, நாளைக்கு வந்து அதையே திருப்பிச் சொல்லுவேன். 'இத நேத்தே சொல்லிட்டீங்க'ன்னு ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாது. மொத தடவ கேக்குற மாதிரி சிரிக்கணும். சிரிக்காதவ வீட்டு வாசல்ல வந்து ஒக்காந்து, சிரிக்கிற வரைக்கும் சொல்லுவேன்."